வழிக்கு வந்த காட்டர் பின்

சைக்கிளின் இடது பக்கக் காட்டர் பின் ஒருவழியாக வெளியே வந்துவிட்டது. பெடல் மாட்டும் கிராங்கை நடு அச்சோடு பிணைக்கும், ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய இரும்பு ஆப்புதான் காட்டர் பின். இதையெல்லாம் ஒரு சாதனையாக எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் பழைய வண்டியை வீட்டில் வைத்து முழுக்கக் கழற்றி ஓவராயில் செய்து பார்க்காதவர்கள். அவர்களுக்கு இந்தப் பதிவு வேண்டாம்.

வண்டி ஹெர்குலிஸ், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரிப்பு. காயலாங்கடையில் எடைக்குப் பேசி எடுத்தது. செயின் கவர், மட்கார்டு, சக்கரங்கள், ஹேண்டில்பார் எல்லாம் மறுபேச்சில்லாமல் கழன்றன. வலது பக்கப் பின்னும் ஒரு ராத்திரி டீசலில் ஊறிய பிறகு நாலு தட்டில் இறங்கிவிட்டது. (மண்ணெண்ணெய்தான் இதற்கு நல்லது. இப்போது அது குதிரைக்கொம்பு.)

இடது பக்கத்தில்தான் வம்பு. எனக்கு முன்னால் எந்தப் புண்ணியவானோ நட்டைக் கழற்றி வைத்துவிட்டு மரை மேலேயே சுத்தியலால் போட்டிருக்கிறார். மரை நசுங்கிக் காளான் போல விரிந்துவிட்டது. கிராங்கின் துளையைவிடப் பின்னின் முனை பெரிதாகிவிட்டால் அது எந்த வழியாக வெளியே வரும்? மேலே அடிக்க அடிக்க இன்னும் விரியும், அவ்வளவுதான். நட்டை முழுக்கக் கழற்றாமல், அதன் மேல்பக்கம் மரையின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்திவிட்டு அடித்திருந்தால் இந்த வேலையே இல்லை.

விரிந்த பகுதியை ஹேக்சாவால் கிராங்கை ஒட்டி அறுத்தேன். மிச்சமிருந்த பிசிறை அரத்தால் ராவினேன். அப்புறம்தான் அடிக்கும் வேலை. தெருமுனை சைக்கிள் கடைப் பெரியவரிடம் நட்டு வாங்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். "தம்பி, மேல எவ்ளோ அடிக்கிறேங்கிறதை விடு. கீழ அண்டை குடுத்தியா?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். கிராங்குக்கு அடியில் ஒன்றும் கொடுக்காமல் அடித்தால் அடி முழுக்க அச்சு வழியாக, அதைச் சுற்றி உருளும் பால்ஸுக்குப் போகும். பால்ஸ் உட்காரும் கிண்ணமான கப்பில் பள்ளம் விழும். பின் அசையாது.

முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் ஒரு துண்டு. கிராங்கைக் கிடைமட்டமாக, மரை இருந்த பக்கம் மேலே வருமாறு வைத்து, அடியில் பைப்பை நிறுத்த வேண்டும். பின்னின் தலை பைப்புக்குள் இறங்க இடம் இருக்க வேண்டும். பைப்பின் நீளம் கச்சிதமாக இருப்பது முக்கியம். ஒரு நூல் குறைந்தாலும் அண்டை கொடுத்ததற்கு அர்த்தமில்லை. நான் சற்று நீளமாகவே வெட்டி, வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேய்த்தேன். டைல்ஸ் தரையில் இதைச் செய்யாதீர்கள். கொல்லையில் துவைக்கிற கல் எனக்கு இருந்தது.

அதற்கும் அசையவில்லை. ஊற வைத்தது, அடித்தது, மறுபடி ஊற வைத்தது. குரோம் போய்விடும் என்பதால் சூடு காட்ட மனமில்லை. கடைசியில் கைகொடுத்தது சி கிளாம்ப், அதாவது திருகி இறுக்கும் சி வடிவப் பிடி. ஒரு பக்கம் பின்னின் தலை நுழையும் அளவுக்கு ஒரு பாக்ஸ் ஸ்பேனர் குமிழ், மறுபக்கம் துளைக்குள் நுழையும் தடிமனில் ஒரு போல்ட் துண்டு. முடிந்த மட்டும் இறுக்கி, அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து இன்னும் கால் சுற்று இறுக்கி, கிராங்கின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. 'டக்' என்றது. பாதி வழி போய்விட்டது. கிளாம்ப் வாங்கும்போது மெல்லிய வார்ப்பிரும்பு வகையை எடுக்காதீர்கள், இந்த இறுக்கத்துக்கு அது பிளந்துவிடும்.

பின்னைக் கையில் வைத்துப் பார்த்தால் சாய்வு வெட்டின் நடுவில் அச்சின் விளிம்பு பதிந்து படிக்கட்டாகியிருக்கிறது. பெடல் மிதிக்கும்போது சுற்றுக்கு ஒரு தரம் 'கடக்' என்று வருமே, அது இந்த ஆட்டம்தான்.

புதுப் பின் 9.5 மில்லி. சென்னை ரத்தன் பஜாரில் வாங்கியது. விலை ஒன்றுமில்லை, தரமும் அப்படித்தான்: இரும்பு மெத்து, சாய்வு வெட்டு கரடுமுரடு. அப்படியே மாட்டினால் இரண்டாவது வாரம் லூஸ் ஆகிவிடும். நான் செய்வது இது: சாய்வு முகத்தில் ஸ்டாம்ப் பேடு மை தடவி, துளையில் நுழைத்து லேசாகத் தட்டி, வெளியே எடுத்துப் பார்ப்பேன். மை அழிந்த இடம்தான் அச்சில் தொடுகிறது. அந்த இடத்தை மட்டும் நைஸ் அரத்தால் ராவி, மறுபடி மை, மறுபடி தட்டு. முகம் முழுக்கச் சீராக மை அழியும்வரை இதே வேலை. பொறுமை போய்விடும்தான். ஆனால் நட்டின் வேலை பின்னை இழுப்பதல்ல, இருக்கும் இடத்தில் பிடித்து வைப்பது. அண்டை கொடுத்துத் தட்டி உட்கார வைத்த பிறகே நட்டு. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு இறுக்கு. இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது.

இதெல்லாம் சரி, பழைய அச்சில் பால்ஸ் ஓடும் தடம் சொறிசொறியாக இருக்கிறது. புது அச்சுக்குச் சொல்லியிருக்கிறேன், லூதியானா சரக்கு வர வேண்டும். பழைய அச்சையே மாதிரிக்குக் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன், வாயால் அளவு சொன்னால் வேறு எதையாவது கட்டிக்கொடுப்பார்கள். பால்ஸ் கால் இஞ்ச், பக்கத்துக்கு 11. பழையதில் நாலைந்து பளபளப்பாக இருக்கிறதே என்று புதியதோடு கலக்க வேண்டாம், சுமை முழுக்கத் தேயாத, பெரிய பால்ஸ் மேலேயே விழும்.

செயினைப் பற்றித் தனியாகப் புலம்ப வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் தேங்காய் எண்ணெய் விட்டே ஓட்டியிருக்கிறார். அது மண்ணோடு சேர்ந்து தார் மாதிரி இறுகி, டீசல் பாட்டிலில் போட்டுக் குலுக்கியும் போகவில்லை. துடைத்து ஸ்கேல் வைத்தால் 12 இஞ்ச் இருக்க வேண்டிய 24 கண்ணி அதைத் தாண்டி எட்டில் ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருக்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதான். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கியாகவில்லை, அது பிழைத்தது.

அச்சு வரும்வரை சும்மா இருக்க முடியாமல் பின்சக்கரத்தைக் கோட்டம் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். 40 போக்குக் கம்பி, அவற்றை இறுக்கும் நிப்பிளில் பாதி துருவில் சிக்கியிருக்கிறது. வலது கப்பைக் கழற்றப் போவதில்லை. தடம் நன்றாகவே இருக்கிறது, துணி விட்டுத் துடைத்துப் புது கிரீஸ் அப்பினால் போதும்.