வாட்ஸ்அப் சட்டத்தைத் தூக்கிட்டுப் போய் நான் பட்ட அசிங்கம்

எனக்கு 69 வயசு, பினாங்கு ஜெலுத்தோங்ல சொந்த வீடு, ஹார்பர்ல உழைச்சு கடன் கட்டி முடிச்ச வீடு. எங்ககூடவே இருந்த மூத்த மகனுக்கு 38, அவனை வீட்டை விட்டு அனுப்ப வேண்டியதாப் போச்சு. என்ன செஞ்சான்னு விலாவாரியா எழுத மனசு வரல, ராத்திரி ரெண்டு மணிக்குக் கூட்டாளிங்க, பெத்தவளைப் பார்த்து பேசக்கூடாத பேச்சு, அவ்ளோ போதும்.

முதல்ல போலீஸ் ஸ்டேஷன். "குடும்ப விஷயம் அங்கிள், பேசித் தீர்த்துக்குங்க"ன்னு கிளப்பிவிடப் பார்த்தாங்க. நான் நகரல, ரிப்போர்ட் போட்டு காப்பி வாங்கிட்டுத்தான் எழுந்தேன். பின்னாடி அஃபிடவிட்டுக்கு அதான் கைகொடுத்துச்சு, நீங்களும் காப்பி இல்லாம வராதீங்க.

அடுத்துதான் அசிங்கம். மச்சான் வாட்ஸ்அப்ல ஒண்ணு அனுப்பினார், பெத்தவங்களைக் காப்பாத்த 2007 சட்டமாம், வக்கீல் வேணாமாம், ஆர்டிஓன்னு வருவாய்த்துறை அதிகாரிகிட்ட மனு போட்டா போதுமாம், பிள்ளைய காலி பண்ணச் சொல்லவும் அதிகாரம் இருக்குன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சாம். நானும் பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் எல்லாம் அடிச்சு, இலவச சட்ட உதவி கவுண்டர்ல போய் நீட்டினேன். அந்தப் பொண்ணு படிச்சிட்டு "அங்கிள், இது இந்தியா சட்டம்" அப்படின்னுச்சு, பின்னால வரிசைல நின்னவன் சிரிச்சது இன்னும் காதுல கேக்குது. ஆனா நல்ல பொண்ணு, உட்கார வெச்சு, லோயர்கிட்ட என்ன கேக்கணும்னு எழுதியே கொடுத்துச்சு.

லோயர் சொன்னது இதான். நம்ம நாட்டுல பெத்தவங்களுக்குன்னு அந்த மாதிரி தனிச் சட்டம் இல்ல. கெரான்ல, அதாவது வீட்டுப் பத்திரத்துல, யார் பேரோ அவங்கதான் வீட்டுக்காரங்க, வளர்ந்த பிள்ளை இருக்கிறது நம்ம அனுமதில, அதை தேதி போட்டு எழுத்துல வாபஸ் வாங்கணும், அதுக்கப்புறமும் போகலன்னா அனுமதி இல்லாம இருக்கிறவங்களைக் காலி பண்ண கோர்ட்ல ஆர்டர் 89ன்னு ஒரு வழி இருக்கு. அதுவரைக்கும் பூட்டு மாத்துறது, கரண்டை வெட்டுறதுன்னு எதுலயும் இறங்கக்கூடாதுன்னார். "வாடகைன்னு ஏதாவது வாங்கினீங்களா, ரிப்பேருக்கு காசு போட்டானா"ன்னு கேட்டார், அப்படி இருந்தா கேஸ் இழுக்குமாம். அவன் அஞ்சு காசு குடுக்காததுல எனக்குக் கிடைச்ச ஒரே லாபம் இது. அடிச்சானா, மிரட்டினானான்னும் கேட்டார். அப்படின்னா 1994 குடும்ப வன்முறைச் சட்டத்துல வேற ரூட், வெல்ஃபேர் ஆபீஸே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆர்டர் போடலாம், அரசாங்க உதவி நம்பர் 15999க்கு போன் அடிங்க, காத்திருக்காதீங்க.

அப்புறம் "கெரான் எங்க?"ன்னார். நான் பெருமையா எடுத்துக் கொடுத்தது சுக்காய் பிந்து பில்லு, வெறும் வீட்டு வரி பில்லு! கெரான் பேங்க்ல இருக்கு, லோன் முடிஞ்சு பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, நான் போய் வாங்கவே இல்ல. பேங்க்ல ஒரு தடவ ஆபீசர் லீவு, ஒரு தடவ ஃபைல் ஸ்டோர்ல, ஒரு தடவ "அங்கிள் ஐசி (அடையாள அட்டை) காப்பி ரெண்டு வேணும்", மூணு தடவ வேகாத வெயில்ல. கடைசில கொம்தார் கட்டடத்துல இருக்கிற லேண்ட் ஆபீஸ்ல சர்ச், அதாவது நிலப் பதிவு விவரம், எடுத்து அதை வெச்சே ஆரம்பிச்சோம். அதுல பேங்க் அடமானம் இன்னும் அப்படியே நிக்குது, அதை நீக்க 16என் பாரம் பதியணுமாம். லோன் முடிச்சவங்க இன்னைக்கே போய்ப் பாருங்க.

இன்னொன்னு. 2023ல இதே மகன், அன்பளிப்பா எழுதினா பத்து லட்சம் வெள்ளி வரைக்கும் ஸ்டாம்ப் டூட்டி கிடையாதுப்பான்னு வீட்டைப் பேர் மாத்துற 14ஏ பாரத்தோட வந்து நின்னான். பேனாவையே எடுத்துட்டேன், என் சம்சாரம்தான் "நான் கண்ணை மூடட்டும், அப்புறம் எழுது"ன்னு பிடுங்கி வெச்சா. அன்னைக்கு கையெழுத்து போட்டிருந்தா இப்ப நோட்டீஸ் எனக்கு வந்திருக்கும்.

வீட்டைக் காலி பண்ணச் சொல்லி 30 நாள் நோட்டீஸ் விட்டோம். ரெஜிஸ்டர் தபாலை வாங்க மாட்டேன்னுட்டான், லோயர் ஆபீஸ் பையன் வந்து ரூம் கதவுல ஒட்டி போட்டோ எடுத்தான். அன்னைக்கே அண்ணி போன், "பெத்த புள்ளைக்கு லோயர் லெட்டரா"ன்னு. நீங்க வேணா கூட்டிட்டுப் போய் வெச்சுக்குங்கன்னேன், போன் கட்.

லெபோ லைட் கோர்ட்ல ஃபைல் பண்ணி, விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது சாவிய லெட்டர் பாக்ஸ்ல போட்டுட்டு புக்கிட் மெர்தாஜம் கூட்டாளி வீட்டுக்குப் போயிட்டான். கேஸை வாபஸ் வாங்கிடலாமான்னு கேட்டேன், லோயர் கத்தாத குறை, ஆர்டர் கைக்கு வரட்டும்னார். வந்துச்சு, பூட்டும் மாத்தியாச்சு. கெரான்தான் இன்னும் வரல, செவ்வாக்கிழமை மறுபடி பேங்க் போகணும், ஐசி காப்பி அஞ்சா எடுத்து வெச்சிருக்கேன்.