தெரிஞ்சு விட்டீகளா, தெரியாம விட்டீகளா?

முதலில் அந்த நாவலைப் பற்றி நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா மகளை ரயில் ஏற்றிவிடும் அத்தியாயத்துக்கு மெய்ப்புப் பார்த்தபோது, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே படிக்க முடிந்தது. அதிகம் பேசாத பெண்களை எழுத அந்த எழுத்தாளருக்குத் தெரியும். அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த பாராட்டில் பாதிக்கு மேல் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் அந்த அம்மா மதுரையில் மகளை ஏற்றிவிடுவது 1968ஆம் ஆண்டில், இரவு ஒன்பது மணிக்கு, வைகை எக்ஸ்பிரஸில்.

மதுரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வைகை ஓட ஆரம்பித்தது 1977 ஆகஸ்ட் 15 அன்று. அதுவும் பகல் வண்டி. காலையில் இங்கே ஏறினால் அன்று பிற்பகலே எழும்பூரில் இறங்கிவிடலாம் என்பதுதான் அந்த வண்டி வந்தபோது ஊருக்கே இருந்த சந்தோஷம். அந்த வண்டியில் ஒருத்தியை ராத்திரி ஏற்றி, விடிகாலையில் சென்னையில் இறக்கிவிடுகிறது நாவல். அதற்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கும்போதே.

இது ஒன்று மட்டும் என்றால் விட்டுவிடலாம். அதே வருடத்தில் ஒரு பையன் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சேருகிறான். பல்கலைக்கழகம் 1966இலேயே வந்துவிட்டது, சரி. ஆனால் அப்போது அது வெறும் மதுரைப் பல்கலைக்கழகம். காமராசர் மறைந்து, 1978இல்தான் அவர் பெயர் வைத்தார்கள். 1968இல் அவர் உயிரோடு அரசியலில் இருந்தார். பெண் எடுக்கும் வீடு ‘தேனி மாவட்டத்தில்’ இருக்கிறது. தேனி மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1990களில். சித்திரைத் திருவிழாத் தேர் சித்திரை வீதிகளைச் சுற்றி வருகிறது. வெளியூர்க்காரர் யாருக்கும் வரக்கூடிய தப்பு இது. திருவிழா பெயரும் சித்திரை, வீதி பெயரும் சித்திரை. ஆனால் தேர் ஓடுவது மாசி வீதிகளில். மாசியில் நடந்த விழா திருமலை நாயக்கர் காலத்தில் சித்திரைக்கு வந்தது, அதனால்தான் இப்படி என்று ஊரில் சொல்வார்கள். திருக்கல்யாணத்துக்கு மறுநாளே நாவலில் அழகர் ஆற்றில் இறங்கிவிடுகிறார். மறுநாள் தேர் அல்லவா? இதெல்லாம் போக, பெரியம்மாவின் பெயர் நடுவில் ஒரு இடத்தில் மாறி, பிறகு பழைய பெயருக்கே திரும்புகிறது.

எல்லாவற்றையும் குறித்தேன். ஓரத்தில் கேள்விக்குறி போட்டதோடு, தனித்தாளில் பக்க எண்ணோடு எழுதி, படம் எடுத்து அனுப்பினேன். சென்னையிலிருந்து பதிப்பாசிரியர் தம்பி கூப்பிட்டார்.

“அக்கா, ஒற்றும் எழுத்தும் மட்டும் பார்த்துக் குடுங்க. விவரம் எல்லாம் ரைட்டர் பொறுப்பு. நாவல்தானே?”

“அந்த ரயில் மட்டுமாவது தம்பி. பேரை எடுத்துட்டு ‘ராத்திரி வண்டி’ன்னு போட்டாலே போதும்.”

“பார்க்கிறேன்கா. ஷேக்ஸ்பியர்லயே, மணியடிக்கிற கடிகாரமே இல்லாத காலத்து ரோமாபுரியில கடிகாரம் அடிக்குது. யாரு கேட்டா?”

அந்தத் தம்பி மோசமானவர் இல்லை. டிசம்பர் மாதம் தமிழ்ப் பதிப்பகங்களில் என்ன நடக்கும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. வருடம் முழுக்க வர வேண்டிய புத்தகங்கள் எல்லாம் ஒரே மாதத்தில் அச்சுக்கு ஓடும். ஒரே ஆள் கையில் பத்துப் பன்னிரண்டு புத்தகம் இருக்கும். எழுத்தாளர் கடைசி நாள் வரை திருத்தி அனுப்புவார். அட்டை முன்பே தயாராகி, பாராட்டுரைகளும் முன்பே வந்திருக்கும். எனக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலிக்கு உள்ள வேலை எழுத்துப் பிழை, ஒற்று, விடுபட்ட வரி. பல்கலைக்கழகத்துக்கு எப்போது பெயர் மாறியது என்று பார்ப்பதற்குத் தமிழில் யாருக்கும் யாரும் காசு கொடுப்பதில்லை. அப்படி ஒரு வேலையே பெரும்பாலான பதிப்பகங்களில் கிடையாது.

கடிகார விஷயத்தைப் பற்றி அப்புறம் நிறைய யோசித்தேன். அந்த ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் கடிகாரம் அடிக்காமல் இருந்தாலும் சதி நடக்கும், கொலை நடக்கும். இங்கே அந்த அத்தியாயம் நிற்பதே ராத்திரியின் மேல்தான். வண்டி போன பிறகு அந்த அம்மா கிராமத்துக்குப் பேருந்து இல்லாமல் நடைமேடையிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவு அழகாக ராத்திரியை எழுதிவிட்டு, ஊரே பகல் வண்டி என்று அறிந்த வண்டியின் பெயரை அதில் வைத்தால் எப்படி? இரண்டு சொல்லை எடுத்திருந்தால் போதும். எனக்குத் தாங்காதது அதுதான்.

புத்தகம் வந்தது. என் ஒற்றுகள் எல்லாம் திருத்தப்பட்டிருந்தன. விவரங்கள் அப்படியே இருந்தன.

அதன் பிறகு வடக்கு மாசி வீதி மாடியில் நடந்த வாசகர் கூட்டத்தில் அந்த நாவலை எடுத்தார்கள். நடத்தியவர் வந்தவர்களிடம், “நம்ம டீச்சர்தான் இதுக்குப் புரூஃப் பார்த்தது” என்று பெருமையாகச் சொல்லி என்னை உட்காரவைத்தார். பேசியவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். கடைசியாக ஒரு பெரியவர் எழுந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். புத்தகம் நெடுகப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“600 ரூபா குடுத்து வாங்கினேன். பென்ஷன் காசு. அட்டையில இத்தனை பேரு பாராட்டியிருக்காக. ஒருத்தரு கூடவா மதுரையில ரயில் ஏறலை? எழுதினவரை நான் குத்தம் சொல்லலை. எழுதுற வேகத்துல விட்டிருப்பாரு. படிச்சுட்டுத்தான் பாராட்டுனோம்னு சொன்னாகளே, அவுகளைத்தான் கேக்குறேன். அந்தப் பக்கத்தோட மூடி வச்சேன். அதுக்கு மேல அந்த அம்மா செத்தாலும் எனக்கு நம்ப முடியாது.”

திருமங்கலத்திலிருந்து வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி பதில் சொன்னாள். “அய்யா, எனக்கு ரயில் பேரே ஞாபகம் இல்ல. அந்தம்மா தன் தலைப் பூவைப் பிச்சு மகளுக்கு வச்சு விடுறதுதான் ஞாபகம் இருக்கு. நான் அழுதுட்டேன்.”

“ஒனக்கு அந்த வண்டியத் தெரியாதுத்தா. அதனால அழுக வந்துச்சு. தெரிஞ்சவன் என்ன செய்ய?”

யாரும் பேசவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவர் எனக்காக நின்றார். கோபம் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகம்.

“ஏம்மா, நீங்க இந்த ஊருதானே? அதைத் தெரிஞ்சு விட்டீகளா, தெரியாம விட்டீகளா?”

நான் சொன்னது இது: “தெரிஞ்சதுங்கய்யா. குறிச்சுக் குடுத்தேன்.”

“அப்ப விட்டது யாரு?”

“அது எனக்குத் தெரியாதுங்க.”

இந்த நாலு வரியைத்தான் எத்தனையோ விதமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் பொய். அதோடு முடிந்திருக்கும், என் வேலையின் மேல் ஒரு கறை விழுந்திருக்கும். பதிப்பாசிரியரிடம் சொன்னேன், அவர் விட்டுவிட்டார் என்று சொல்லியிருந்தால் வேலை கொடுப்பவரைப் படிக்கட்டில் வைத்துக் காட்டிக்கொடுத்த மாதிரி. மெய்ப்பில் நடப்பது மெய்ப்போடு என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். எழுத்தாளர் முதலில் அனுப்பியது எப்படி இருந்தது என்று வெளியே சொல்லாத நம்பிக்கையில்தான் எங்களிடம் தருகிறார்கள். அதனால் நான் சொன்ன பதில் சரி. கடைசி வரியும் பொய் இல்லை. என் குறிப்புத்தாள் எழுத்தாளரிடம் போனதா, பதிப்பாசிரியரின் போனிலேயே நின்றுவிட்டதா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

சரிதான் என்று இப்படி முடித்துவிட்டுப் படுத்தால் மறுபடியும் ஆரம்பமாகிவிடும். எழுத்தாளரின் எண் என்னிடம் இருந்தது. ஒரே ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். “அய்யா, அந்த வண்டி பகல் வண்டி” என்று. அனுப்பவில்லை. பதிப்பகத்தைத் தாண்டி எழுத்தாளரிடம் போகக் கூடாது என்று எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் சொல்லியிருக்கிறார். அதற்குக் காரணமும் இருக்கிறது. மெய்ப்புப் பார்க்கிற ஒவ்வொருவரும் எழுத்தாளரிடம் பேச ஆரம்பித்தால் புத்தகம் அச்சுக்கே போகாது. நான் மதிக்கும் ஒழுங்கு அது. ஆனால் அந்தப் பெரியவர் புத்தகத்தை மூடி வைத்ததை அந்த ஒழுங்கு எனக்குச் சமாதானப்படுத்தவில்லை.

ஊரைக் களமாக வைத்து எழுதினால் ஊரை நன்றாகத் தெரிந்தவன்தான் அதற்கு முதல் வாசகன் என்று நான் நம்புகிறேன். எந்த வீதியில் தேர் வரும் என்று தெரிந்தவனுக்குத்தான் அந்த வீதியின் பெயரைப் படிக்கும்போது கூடுதலாக ஏதோ கிடைக்கும். அவனையே வெளியே நிறுத்திவிட்டு, ஊர் தெரியாதவர்களுக்கு மட்டும் ஊரைக் காட்டினால் அங்கே மதுரை என்ற பெயர் எதற்கு? விவரத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள், கலை தெரியாதவர்கள் என்று இப்படிப்பட்ட வாசகர்களைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அநியாயம். அந்தப் பெரியவர் நாவலை நம்பி உள்ளே வந்தவர். வராதவனுக்கு ஏமாற்றம் எப்படி இருக்கும்?

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைக்க முடியாது. வண்டி தப்பு என்று எனக்கு அந்த வரியைப் படித்த கணமே தெரியும். ஓரத்தில் கேள்விக்குறி போட்டது என் கைதான். அடுத்த பக்கத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்ததும் நான்தான். தெரிந்தவனுக்கு அழுகை வராது என்று அவர் சொன்னது என் விஷயத்தில் நடக்கவில்லை. அப்படியானால் அந்தக் கல்லூரிப் பெண் சொன்னதுதான் சரியா? பிழை பார்த்துப் பார்த்து, பிழையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு மீதியைப் படிக்க நான் பழகிவிட்டேனா? இது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பெரியவரிடம் அங்கே இதைச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று சில நாள் தோன்றும். சொல்லியிருந்தால் அவருக்கு அது ஆறுதலாக இருந்திருக்காது.

நாவலுக்கு இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது. இப்போதெல்லாம் முந்நூறு, இருநூறு என்று தேவைக்கு அச்சடிக்கிறார்கள். முன்பு போல ஆயிரம் பிரதி தீரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோப்பைத் திறந்து திருத்தக் கால் மணி நேரம் போதும். கடையில் எடுத்துப் பார்த்தேன். வைகை எக்ஸ்பிரஸ் அதே ஒன்பது மணிக்குக் கிளம்புகிறது. அட்டையில் பாராட்டுகள் கூடியிருக்கின்றன.

இந்த டிசம்பரில் அதே தம்பி இன்னொரு நாவல் அனுப்பியிருக்கிறார். வேறு எழுத்தாளர், முதல் நாவல். கதை 1983இல் நடக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே கதாநாயகன் திண்டுக்கல் மாவட்டத்தில் வேலைக்குச் சேருகிறான். அந்த மாவட்டம் வந்தது 1985இல். ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு அப்போதே அவரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்தத் தடவை குறிப்புத்தாளை எழுத்தாளருக்கும் சேர்த்தே அனுப்பறேன், சம்மதமா?” என்று கேட்டேன். கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.