மோனோ ‘ரிவால்வர்’ வேட்டை: லண்டனில் எரிச்சல், லிவர்பூலில் லாபம்

லண்டனில் பழைய ரெக்கார்டு வாங்கப் போகிறவர்கள் பர்ஸை ஓட்டலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சோஹோ பக்கம் ஒரு கடையில் பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்தின் மோனோ (எல்லாச் சத்தமும் ஒரே தடத்தில் வருவது) எல்.பி.யைச் சுவரில் மாட்டி, ‘முதல் பிரஸ்ஸிங் (முதல் அச்சு), 350 பவுண்டு’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். இறக்கித் தரச் சொன்னேன். கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும்வரை வழவழவென்று ஓர் இடம் இருக்குமே, அதை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், ‘எக்ஸ்.இ.எக்ஸ். 606-3’ என்று மேட்ரிக்ஸ் எண், அதாவது எந்த அச்சிலிருந்து வந்த தட்டு என்று காட்டும் எண்.

கடைசி எண் 1 ஆக இருந்தால்தான் அந்த விலைக்கு அர்த்தம். 1966 ஆகஸ்டில் இந்த ஆல்பம் வந்தபோது, இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டான ‘டுமாரோ நெவர் நோஸ்’ஸின் கலவையை, அதாவது குரலையும் வாத்தியங்களையும் சேர்த்த ‘மிக்ஸை’, கடைசி நேரத்தில் மாற்றினார்கள். அதற்குள் பழைய கலவையோடு கொஞ்சம் தட்டுகள் அச்சாகி வெளியே போய்விட்டன. சேகரிப்பாளர்கள் அலைவது அந்த 606-1க்குத்தான். இதைச் சொன்னதும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கி, “இதுவும் அந்தக் காலத்துத் தட்டுதானே” என்றார். நல்லா இருக்கு நியாயம்!

‘ஸ்டீரியோவிலேயே கேட்கலாமே, ஏன் இந்தப் பாடு’ என்பவர்கள் ‘எலினார் ரிக்பி’யின் பழைய ஸ்டீரியோவை ஹெட்ஃபோனில் கேளுங்கள். பாடுகிற குரல் வலது காதில் மட்டும், பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி. அன்றைய பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் மோனோ பிளேயர்தான். குழுவும் மோனோ கலவைக்குத்தான் மெனக்கெட்டது. மோனோவில் டிரம்ஸும் பாஸும் சேர்ந்து நெஞ்சில் இடிக்கும்.

லிவர்பூலுக்கு ரயிலில் போகலாம் என்றால், அன்றன்றைக்கு எடுக்கும் டிக்கெட் விலையைக் கேட்டே தலை சுற்றியது. ஆகவே ராத்திரிப் பேருந்து. சனியன்! ஹீட்டர் வேலை செய்யவில்லை, கழிப்பறைக்குப் பூட்டு, முன் சீட்டுக்காரர் முழுசாகச் சாய்ந்து என் மடியில் தூங்கினார். ஏறும் முன் யூஸ்டன் பக்கத்து டிரம்மண்ட் தெருவில் சாப்பிட்ட மசால் தோசைதான் விடியும்வரை தாங்கியது. மொறுமொறுவென்று, தேங்காய்ச் சட்னியோடு, லண்டன் விலைக்குப் பரவாயில்லை. அந்தத் தெருவுக்காகவே இன்னொரு தடவை போவேன்.

லிவர்பூலில் பழைய சாமான் விற்கிற ஒரு சந்தையில், காய்கறிப் பெட்டிக்குள் கிடந்தது மோனோ ‘ரிவால்வர்’: பார்லோஃபோன் கம்பெனியின் மஞ்சள்-கறுப்பு லேபிள், பட்டியல் எண் பி.எம்.சி. 7009, மேட்ரிக்ஸ் 606-2. உறை ஓரத்தில் டீக்கறை, முதல் பாட்டு ஓடும்போது இரண்டு ‘டிக்’ சத்தம். 45 பவுண்டு கேட்ட பெரியவர் 38க்கு இறங்கினார். அதே பெட்டியில் நம்ம கல்கத்தா டம்டம்மில் அச்சான பீட்டில்ஸ் தட்டு ஒன்றும் இருந்தது. அதற்கு 60 பவுண்டாம்! தொடக்கூட இல்லை. 1968 ‘ஒயிட் ஆல்பம்’ மோனோவையும் பார்த்தேன். பீட்டில்ஸ் தனியாக மோனோ கலவை செய்த கடைசி ஆல்பம் அது. ‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ பாட்டு அதில் ஸ்டீரியோவைவிடக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் குறைவு, முடிவில் டிரம்மர் ரிங்கோ கத்துவதும் கிடையாது. ஆசைதான், ஆனால் அந்த விலைக்கு மிச்ச நாளெல்லாம் பட்டினி கிடக்கணும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: விமானத்தில் தட்டை உறையை விட்டு வெளியே எடுத்து, தனிப் பாலிதீன் கவரில் போட்டு, உறைக்குப் பின்னால் வைத்துக் கைப்பையில் கொண்டு வாருங்கள். உள்ளேயே விட்டால் குலுக்கலில் உறையின் ஒட்டிய ஓரம் கிழியும். லக்கேஜில் போட்டால் தட்டே உடையலாம்.