அப்பா கட்டி வைத்த நெல்

இந்த வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மாளிடம் போய் அப்பாவின் நேர்த்தியைச் செய்துவிட்டு வந்தோம். அப்பா காலமாகி ஆட்டைத்திவசம் (முதலாம் ஆண்டுத் திவசம்) முடியவில்லை என்று போன வருஷம் அம்மா போக விடவில்லை.

அது 2009 வைகாசியில், போரின் கடைசி நாட்களில் வைத்த நேர்த்தி. நந்திக்கடலுக்கு இந்தப் பக்கம் முள்ளிவாய்க்காலில் நாங்கள், அந்தப் பக்கம் அம்மாள். அப்பா தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டு, "என்ரை பிள்ளையளை உயிரோடை கொண்டுபோய் விடு, என்ரை வயல் நெல்லிலை வருஷா வருஷம் உனக்குப் பொங்குவன்" என்றார். விதைநெல் ஒரு பிடி கூடக் கையில் இல்லாத நேரம் அது. அப்புறம் வட்டுவாகல் பாலம் கடந்து, செட்டிகுளம் அகதி முகாமில் கிடந்து, எங்கள் ஊர் வட்டக்கச்சிக்குத் திரும்பி வந்தபோது வயல் முழுக்கப் பற்றை. காலையில் அடுத்தவர் வீட்டுக்குக் கல் மண் சுமக்கப் போவார், பின்னேரம் வந்து தன் வயலில் பற்றை வெட்டுவார், இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை இரவில் வந்தால் டோர்ச்சும் மண்வெட்டியுமாக வரம்பிலேயே விடியும். எங்கள் படிப்பு, அக்காவின் கல்யாணம் எல்லாம் அந்த முதுகில்தான் ஏறியது. ஆனாலும் காலபோக (மாரிகாலப் பயிர்) அரிவி வெட்டு முடிந்து யாவாரி முற்றத்தில் வந்து நின்றாலும் சரி, முதலில் அம்மாளுக்கென்று ஒரு உரப்பை நிரப்பிக் கட்டாமல் நெல்லுக்கு விலை பேச மாட்டார்.

கடைசியாகக் கட்டிய பையை அம்மா ஒருவரையும் தொட விடவில்லை. ஆலைக்குக் கொண்டுபோகத் தம்பி கத்தி எடுத்தபோது கூட, "அவர் போட்ட முடிச்சு, வெட்டாதே" என்று நிலத்தில் குந்தி இருந்து நகத்தால் மெல்ல மெல்ல அவிழ்த்தார். மொட்டைக்கறுப்பன் நெல். அவிக்காமல் அப்படியே குத்துவித்துப் புடைத்துக்கொண்டோம்.

பரந்தன் முல்லைத்தீவு வீதியால்தான் போனோம். முள்ளிவாய்க்கால் தாண்டும்வரை அம்மா கண் திறக்கவில்லை, நாங்களும் கதைக்கவில்லை. வட்டுவாகல் குறுகிய பாலத்தில் வாகன வரிசை நகரவே இல்லை, வெயிலில் சின்னவன் சத்தி எடுத்துவிட்டான். முள்ளியவளையில் காட்டா விநாயகரைக் கும்பிட்டுவிட்டு வற்றாப்பளைக்குத் திரும்பினால் சனமோ சனம்! வாகனம் விட வளவுக்காரர் கேட்ட காசைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கொஞ்சத் தூரத்துக்கு ஓட்டோக்காரரும் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார்கள். கடைகளின் ஸ்பீக்கர் சத்தத்தில் பறை, உடுக்குச் சத்தமே கேட்கவில்லை. வெறுங்காலோடு பால்செம்பு தூக்கி வருகிற வயதானவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிற இளைஞர்களைக் கண்டபோது உண்மையாகவே கோபம் வந்தது. அம்மாளின் வாசலில் கூடவா அவசரம்?

உள்ளே நெரிசலில் அம்மாவின் கையைப் பிடித்தபடி அரை அடி அரை அடியாக நகர்ந்தோம். அந்த உப்புநீர் விளக்கு எரிவதைக் கண்டேன். எண்ணெய் இல்லாமல் கடல் தண்ணீரில் அம்மாள் தன் விளக்கை எரிய வைக்கிறாள், கையில் ஒன்றும் இல்லாமல் நின்ற அப்பாவுக்கு வயலைத் திருப்பித் தந்ததும் அவள்தானே. என்னென்னவோ கேட்க நினைத்து வந்தேன், வாயில் ஒன்றும் வரவில்லை. "அப்பா நேர்ந்தது கொண்டு வந்திருக்கிறம் அம்மாளே" என்று மட்டும் சொன்னேன். அதற்குள் பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். போதும், அவள் கேட்டுவிட்டாள்.

வெளியில் இடம் பிடித்துக் கல் வைத்துப் பானை ஏற்றினோம். காற்று விடவில்லை, அடுப்பு மூண்டு மூண்டு அணைந்தது, பக்கத்தில் பொங்கிக்கொண்டிருந்த, அளம்பில் ஊரிலிருந்து வந்த அம்மா ஒருவர் தன் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துத் தந்தார். பால் பொங்கி வழிந்ததும் தம்பிதான் அரிசி போட்டான். எப்போதும் அப்பா போடுவது. மூன்று தரம் பானையைச் சுற்றிக் காட்டி, இரண்டு கையாலும் அள்ளி, கண்ணை மூடிக்கொண்டு... தம்பி ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படியே செய்தான். அம்மா அதைப் பார்த்து விம்மி விம்மி அழுதுவிட்டு, "கொப்பர் பாத்துக்கொண்டுதான் நிக்கிறார்" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

புக்கையை அந்த அளம்பில் அம்மாவுக்கும், சுற்றி இருந்தவர்களுக்கும் அள்ளி அள்ளிக் கொடுத்தோம். அப்பா விளைவித்த கடைசி நெல், அதை ஊர் பேர் தெரியாத எத்தனை பேர் வாயில் வைத்து "நல்லா இருக்குது" என்றார்கள்!

அம்மாளே, நீ எங்களை அன்று கரை சேர்த்தாய், அந்த மனிசன் சாகும்வரை சொன்ன சொல் தவறவில்லை, தவற விடாமல் அவருக்கு விளைச்சலும் தந்தாய். இனித் தம்பி வந்து பொங்குவான், அவன் வயலுக்கும் தண்ணீர் குறையாமல் பார். அம்மாவின் முழங்கால் நோவையும் ஒருக்கால் பார்த்துக்கொள் தாயே.