பழைய ஈசியூவைத் தூக்கிப் போடாதீர்கள்

"ஈசியூ போயிடுச்சுன்னு வேற வாங்கி மாட்டினோம் அண்ணே. பார்ட் நம்பரும் அதேதான். ஸ்டார்ட் ஆகி உடனே நின்னுடுது. இதுவும் கெட்டதுதான் போல." வண்டி எலக்ட்ரானிக்ஸ் வேலையில் மெக்கானிக்குகளிடமிருந்து எனக்கு அதிகம் வரும் போன் இதுதான். ஈசியூ என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. மீட்டரில் சாவிப் படம் போட்ட லைட் மின்னுகிறதா என்று கேட்பேன். மின்னுகிறது என்றால், அநேகமாக அந்த ஈசியூவில் ஒரு குறையும் இருக்காது.

சாவியின் தலைக்குள் பேட்டரி இல்லாத சின்ன சிப் இருக்கிறது. இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள காயில், பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அலையில், அதற்கு மின்சாரம் ஊட்டி அடையாளம் கேட்கிறது. இதுவரை பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இம்மொபிலைசரும் (சரியான சாவி இல்லாமல் வண்டி கிளம்பாமல் தடுக்கும் யூனிட்) ஈசியூவும் தங்களுக்குள் இன்னொரு ரகசிய எண்ணைச் சரிபார்ப்பதுதான் தெரிவதில்லை. வேறு வண்டியில் கழற்றிய ஈசியூ தன் பழைய ஜோடியின் எண்ணையே தேடும். கிடைக்காவிட்டால் சில வண்டிகள் ஓரிரு விநாடி ஓடி நிற்கும். சிலவற்றில் இன்ஜின் சுற்றும், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறக்காது. சிலவற்றில் ஸ்டார்ட்டரே அசையாது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 முதல் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கியது. கனடாவில் 2007 முதல்.

அதனால் நான் அடுத்துக் கேட்பது பழைய ஈசியூவைத்தான். தண்ணீர் புகுந்து, போர்டில் பச்சை பூத்து, டிரைவர் ஐசி (இன்ஜெக்டர் போன்றவற்றை இயக்கும் சிப்) கருகிப்போன ஈசியூவில்கூட எட்டுக் கால் ஈஈப்ராம் (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் சின்ன மெமரி சிப்) பெரும்பாலும் உயிரோடு இருக்கும். ரகசிய எண் பல மாடல்களில் அங்கேதான் கிடக்கிறது. கால்களை நன்றாகத் துடைத்து, இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைலும் ஒரு பைட் மாறாமல் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். மாறினால் எங்கோ காண்டாக்ட் சரியில்லை. அந்த ஃபைலை எழுதவே கூடாது. ஒத்துப்போனால், மாற்று ஈசியூவின் சாப்ட்வேர் பதிப்பும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அதில் எழுதுவேன். வண்டி பழைய சாவியிலேயே கிளம்பிவிடும். புதிய மாடல்களில் இந்தத் தகவல் பிராசஸருக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் பலவற்றுக்குக் கம்பெனி சர்வரோடு இணைத்து கோடிங் செய்வதுதான் (ஈசியூவை அந்த வண்டிக்குப் பதிவுசெய்வதுதான்) வழி.

"இம்மோ ஆஃப் பண்ணிடுங்க, வேலை முடிஞ்சது" என்று இம்மொபிலைசர் சரிபார்ப்பையே நீக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. திருடனைத் தடுக்கும் காவலை, உரிமையாளருக்கே தெரியாமல் எடுத்துவிடுவது பெரிய தப்பு. வண்டி யாருடையது என்று பேப்பரைப் பார்க்காமல் ஈஈப்ராமில் நான் கை வைப்பதும் இல்லை.

இன்ஜினையே மாற்றுபவர்களுக்கு: ஈசியூ மட்டும் வாங்கி வராதீர்கள். அதே வண்டியின் இம்மொபிலைசர் யூனிட் (சிலவற்றில் அது மீட்டருக்குள்ளேயே இருக்கும்), காயில், சாவி எல்லாவற்றையும் சேர்த்தே கழற்றி வாருங்கள். சாவி உங்கள் பூட்டில் நுழையாதே என்ற கவலை வேண்டாம். சிப்பை மட்டும் எடுத்து, உங்கள் பூட்டுக்கு வெட்டிய சாவியின் தலைக்குள் வைத்துக்கொள்ளலாம்.