எல்லைக்கல்லுக்கு அப்பால்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது, கொழும்புக்குக் குடிநீர் தரும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்திருக்கும் காடு இப்போதெல்லாம் என் நினைவுக்கு வருகிறது. சென்ற மாதம் அப்பக்கம் போயிருந்தபோது, புல்லுக்குள் பாதி புதைந்து, பாசி படர்ந்த ஓர் எல்லைக்கல்லைக் கண்டேன். அந்தக் கல்லுக்குச் சட்டம் எவ்வளவு வலிமை தருகிறது என்று அறியும் ஆவல் அங்கேதான் எழுந்தது.

1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், எல்லைகளை விவரித்து வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஒதுக்குக் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டுவதும் காட்டை அழித்து நிலத்தை வெளியாக்குவதும் குற்றங்களாகும். ஆனால் அரச காடுகள் யாவும் அவ்வாறு அறிவிக்கப்பட்டவை அல்ல. அறிவிக்கப்படாத ‘ஏனைய அரச காடுகளை’ வனத் திணைக்களத்தின் பொறுப்பில் வைத்திருந்த 2001ஆம் ஆண்டின் சுற்றறிக்கை 2020 நவம்பரில் நீக்கப்பட்டு, அவை குறித்த அதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் சென்றது. பாராளுமன்றம் இயற்றும் சட்டத்துக்கும் ஓர் அமைச்சு மாற்றிவிடக்கூடிய சுற்றறிக்கைக்கும் உள்ள தூரம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையில் அது என்னைக் கலங்கவும் வைத்தது.

அரசியலமைப்பின் 28ஆம் உறுப்புரை இயற்கையைப் பாதுகாப்பதை ஒவ்வொருவரின் கடமையாகவும் சொல்கிறது. எப்பாவல என்னும் ஊரில் பொஸ்பேட் அகழும் திட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2000ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், இயற்கை வளங்களை மக்களுக்காகக் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் அவ்வூர்வாசிகளே.