ஐஜி ஆபீஸ்ல உக்காந்து பாத்தது

அமெரிக்க ஆர்மில ஐஜி, அதாவது இன்ஸ்பெக்டர் ஜெனரல்னு, சோல்ஜருங்களோட கம்ப்ளைன்ட கேக்கவும் யூனிட்ட இன்ஸ்பெக்ஷன் பண்ணவும் ஒரு ஆபீஸ் உண்டு. அந்த வாசல் வரைக்கும் வந்துட்டு, கதவ பாத்துட்டு, அப்படியே திரும்பி போற சோல்ஜருங்கள நெறைய பாத்திருக்கேன். உள்ள போனா யாருக்காவது தெரிஞ்சிடும், தெரிஞ்சா கேரியர் காலிங்கற பயம். அந்த பயத்துல பாதி தப்பு, பாதி சரி. இப்ப யூனிஃபார்ம் கழட்டியாச்சு, அதனால கொஞ்சம் மனசு விட்டு எழுதலாம். கேஸ் விவரம் எல்லாம் அடையாளம் தெரியாம மாத்திதான் எழுதியிருக்கேன், அந்த பழக்கம் மட்டும் விடாது.

நான் அமெரிக்க ஆர்மிக்குள்ள வந்தது மாவ்னி ப்ரோக்ராம் வழியா. 2008 கடைசில ஆரம்பிச்சது, கிரீன் கார்டு இல்லாதவங்க கூட ஆர்மிக்கு வேண்டிய மொழி ஏதாவது தெரிஞ்சா அப்ப சேர முடிஞ்சது, அந்த லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. சப்ளை பக்கம் பல வருஷம் ஓட்டி சார்ஜன்ட் ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆனப்புறம் ஐஜி வேலைக்கு எடுத்தாங்க. வர்ஜீனியால ஃபோர்ட் பெல்வோர்ல இதுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்கு, மூணு வார கோர்ஸ், முடிச்சா தனியா ஒரு சத்தியப்பிரமாணம் வேற.

அங்க கதைய 1777லேந்து ஆரம்பிப்பாங்க. அந்த டிசம்பர்ல, சுதந்திரப் போர் நடுவுல, அமெரிக்க காங்கிரஸ் இந்த ஐஜி பதவிய உருவாக்குச்சு, முதல்ல வந்தவர் கான்வே, ஆனா எல்லாரும் பேசறது அடுத்து வந்த வான் ஸ்டூபன பத்திதான். பிரஷ்யாக்காரர், இங்கிலீஷே சரியா வராது. 1778ல வேலி ஃபோர்ஜ் கேம்ப்ல குளிர்லயும் நோய்லயும் நொந்து கெடந்த படைக்கு டிரில் சொல்லிக் குடுத்தார்னு ஸ்கூல் புக்ல இருக்கும். எனக்கு புடிச்சது வேற. கக்கூஸ் சமையல் பண்ற இடத்துக்கு பக்கத்துல இருக்கக்கூடாது, கேம்ப்போட மறுபக்கம் சரிவுல இருக்கணும்னு ஒழுங்கு பண்ணினவரும் அவர்தான். இந்த ஆபீஸோட வேலை இன்னைக்கும் ஏறக்குறைய அந்த மாதிரி விஷயம்தான்.

ஐஜிக்கான ஆர்மி ரெகுலேஷன் 20-1 படி நாலு வேலை: இன்ஸ்பெக்ஷன், உதவி, விசாரணை, சொல்லிக் குடுக்கறது. வெளிய இருக்கறவங்களுக்கு விசாரணை மட்டும்தான் கண்ணுக்கு தெரியும். எனக்கு பொழுது போனது ரெண்டாவதுல.

ஃபோன் வரும். எடுத்தா வேற ஸ்டேட்லேந்து ஒரு பொண்ணு, பின்னாடி குழந்த அழற சத்தம், புருஷன் எங்க பேஸ்ல இருக்கான், ரெண்டு மாசமா ஒரு டாலர் அனுப்பல, கேட்டா ஃபோன கட் பண்றான். நான் 1559ங்கற கம்ப்ளைன்ட் ஃபார்ம எடுத்து வச்சிக்கிட்டு கேக்க வேண்டியத கேப்பேன்: ஐஜி உங்களுக்கு என்ன செய்யணும்னு எதிர்பாக்கறீங்க, ஆதாரம் ஏதாவது கையில இருக்கா, இத வேற யார்கிட்ட சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க. முதல் கேள்விக்கு பாதி பேருக்கு உடனே பதில் வராது. கோவம்தான் வரும், அழுக வரும், கொஞ்ச நேரம் கழிச்சுதான் "வாடகை கட்டணும் சார், அவ்ளோதான்"னு வரும். அந்த ஒரு வரிதான் எனக்கு கேஸ்.

அப்புறம் அந்த புருஷன் இருக்கற படைப்பிரிவோட, அதாவது கம்பெனியோட, கமாண்டருக்கு ஃபோன். அவர் கேப்டன், நான் சார்ஜன்ட், அவருக்கு நான் ஆர்டர் போட முடியாது. நான்னு இல்ல, எந்த ஐஜியும் யாருக்கும் ஆர்டர் போட முடியாது, சிபாரிசு பண்ணலாம், கேள்வி கேக்கலாம். "சார், ரெகுலேஷன் 608-99 படி இந்த குடும்பத்துக்கு சப்போர்ட் போயிருக்கணும், நீங்க என்ன நடவடிக்க எடுத்தீங்கன்னு எனக்கு பதில் வேணும்", இவ்வளவுதான் சொல்லுவேன். கோர்ட் ஆர்டரோ ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட அக்ரிமெண்ட்டோ இல்லன்னா வீட்டு அலவன்ஸ் கணக்க வச்சு ஒரு தொகைய அனுப்பியே ஆகணும்னு அந்த ரெகுலேஷன் சொல்லுது, பொண்டாட்டி மேல கோவம்ங்கறது அதுல காரணமா இல்ல. கேப்டன் பையன கூப்பிட்டு உக்கார வச்சா சாயங்காலத்துக்குள்ள பணம் போயிருக்கும். ஆர்டர் போடற அதிகாரம் இருந்திருந்தா இவ்ளோ வேகமா நடந்திருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான், ஏன்னா கேக்கறது ஜெனரலோட ஆபீஸ்னு அந்த கேப்டனுக்கு நல்லாவே தெரியும்.

அங்கதான் சிக்கலும். ஐஜி கமாண்டரோட ஆளு. ஜெனரலுக்கு கண்ணு காதுன்னு எங்க ஸ்கூல்லயே சொல்லிக் குடுப்பாங்க. அப்ப ஒரு பிரைவேட், அதாவது அடிமட்ட ரேங்க் சோல்ஜர், வந்து "நீங்க யார் பக்கம்"னு கேட்டா என்ன சொல்றது? பேர வெளிய விடாம காப்பாத்த எங்களால முடிஞ்சத செய்வோம், ஆனா எந்த நிலைமையிலயும் வெளிய போகாதுன்னு வாக்கு குடுக்க முடியாது, அத முதல்லயே சொல்லிடணும். சட்டம் இருக்கு, 1988ல வந்தது, ஐஜிகிட்ட பேசினதுக்காக ஒருத்தன பழி வாங்கினா அதுவே தனி குற்றம். ஆனா பழி வாங்கறவன் கத்திக்கிட்டா வருவான்? ஸ்கூலுக்கு அனுப்பற லிஸ்ட்ல பேர் காணாம போகும், இவால்யுவேஷன்ல போன வருஷம் இருந்த நல்ல வார்த்த இந்த வருஷம் இருக்காது. நிரூபிக்கறதுக்குள்ள ஆள் வேற பேஸ்க்கு மாறிடுவான். 180 நாள்ல முடியலன்னா ஏன் லேட்டுன்னு தெரிவிக்கணும்னு சட்டத்துலயே இருக்குன்னா பாத்துக்கங்க, எவ்ளோ இழுக்கும்னு.

விசாரணைய பத்தி ஒன்னு சொல்லணும், உள்ள இருக்கற சோல்ஜருங்களுக்கே இது தெரியாது. ரெக்கார்டர போட்டு, எழுதி வச்சத ஒரு வார்த்த விடாம படிச்சு, சத்தியம் வாங்கி, கேள்வி கேட்டு, இத வெளிய பேசாதீங்கன்னு சொல்லி அனுப்பறோம். நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு ஆதாரம் காட்டினா நிரூபணம்னு எழுதறோம். ஆனா அந்த ரிப்போர்ட்ட வச்சு, ரொம்ப மேல இருக்கறவங்க தனியா அனுமதி குடுத்தாலொழிய, யாருக்கும் தண்டன குடுக்க முடியாது. கமாண்டருக்கு நடவடிக்க எடுக்கணும்னா 15-6னு வேற விசாரணை போடணும், அதே ஆளுங்க திரும்ப முதல்லேந்து வாக்குமூலம் குடுக்கணும். கம்ப்ளைன்ட் குடுத்தவங்களுக்கு இது ஏமாத்து வேலையா தெரியும், அவங்க கையில கடைசியா கிடைக்கறது ஒரு சின்ன லெட்டர். எனக்கு இந்த ஏற்பாடு சரின்னுதான் படுது. தண்டனைக்கு நேரா போற பேப்பர்னா எவன் எங்ககிட்ட உண்மைய பேசுவான்.

ஒரு பொங்கல் கெட்-டுகெதர்ல தமிழ் பையன் ஒருத்தன் தனியா கூட்டிட்டு போய், "அண்ணே, எனக்கு ஆர்டிக்கிள் 15 குடுத்துட்டாங்க, ஐஜி நெனச்சா கேன்சல் பண்ணலாமாமே"ன்னான். ஆர்டிக்கிள் 15ங்கறது கோர்ட்டுக்கு போகாம கமாண்டரே குடுக்கற தண்டன. (பேஸ்க்குள்ள பாத்தா சார்ஜன்ட்னுதான் கூப்பிடுவான், பொங்கலுக்கு மட்டும் அண்ணே.) தம்பி, அதுக்கு அப்பீல் வழி தனியா இருக்கு, 5 நாள்தான் டைம், எங்க வாசல்ல வந்து நின்னா அந்த 5 நாளும் போயிடும், நாளைக்கு காலைல முதல் வேலையா டிஃபன்ஸ் வக்கீல பாருன்னு அனுப்பினேன். இவால்யுவேஷன் அப்பீலும் இப்படிதான், கோர்ட் மார்ஷலும் அப்படிதான், அதெல்லாம் எங்க வேலையே இல்ல.

இன்ஸ்பெக்ஷன் பத்தி ஆர்மில பழைய ஜோக் ஒன்னு உண்டு. வர்றவன் "உதவி பண்ண வந்தோம்"பான், இருக்கறவன் "வாங்க வாங்க, ரொம்ப சந்தோஷம்"பான், ரெண்டும் பொய். புதுசா பொறுப்பேத்த கம்பெனி கமாண்டருக்கு ஆரம்பத்துலயே ஒரு இன்ஸ்பெக்ஷன் நடக்கும், அது மார்க் போட இல்ல, கையில என்ன வந்திருக்குன்னு அவருக்கே தெரியத்தான். இருந்தாலும் போனா பெயிண்ட் வாசன அடிக்கும். ஃபர்ஸ்ட் சார்ஜன்ட் ஃபைல் ஃபைலா காட்டிக்கிட்டு இருப்பார், நான் மெதுவா நழுவி மோட்டார் பூல்ல வண்டிக்கு அடியில இருக்கற பையன்கிட்ட போய் "எப்ப பெயிண்ட் அடிச்சீங்க?"ன்னு கேப்பேன். "நேத்து ராத்திரி, சார்ஜன்ட்." அவன்கிட்ட இன்னும் பத்து நிமிஷம் நின்னா போதும், எந்த ஃபைல தெறக்கணும்னு தெரிஞ்சிடும்.

2025 செப்டம்பர்ல குவாண்டிகோ பேஸ்ல ஜெனரல்கள எல்லாம் கூட்டி வச்சு பாதுகாப்புத் துறைய நடத்தற ஹெக்செத் பேசினார், ஐஜி முறைய ஆயுதமா பயன்படுத்தறாங்க, இனி அனானிமஸ் கம்ப்ளைன்ட் கிடையாது, முடிவில்லாத காத்திருப்பு கிடையாதுன்னு. காத்திருப்ப பத்தி அவர் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்ல, பொய் புகார்ல மாட்டி ப்ரமோஷன் நின்னு போய் வருஷம் முழுக்க தூங்காம கெடந்தவங்களையும் பாத்திருக்கேன். அதுக்கு விசாரிக்கற ஆள அதிகமாக்கணும். அனானிமஸ் விஷயத்துல ஒத்துக்க மாட்டேன். ஒரு தடவ கதவுக்கு அடியில பேப்பர் ஒன்னு கெடந்துச்சு, பேர் இல்ல, பேரக்ஸ்ல ஒரு மாடில ஷவர் சுவரெல்லாம் பூஞ்சன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. போய் பாத்தோம். இருந்துச்சு, கருப்பா, கூரை வரைக்கும், மேல புதுசா பெயிண்ட் பூசி மறைச்சும் வெளிய வந்துக்கிட்டு இருந்துச்சு. எழுதினவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியாது, தெரிஞ்சிக்க வேண்டிய அவசியமும் வரல.

அனானிமஸா எழுதறதுல ஒரு நஷ்டம் மட்டும் இருக்கு, அத பசங்க யோசிக்கறதில்ல. பதில் அனுப்ப எங்களுக்கு ஆள் கிடையாது, கூடுதலா ஒரு கேள்வி கேக்கணும்னாலும் முடியாது. அதனால அப்படி எழுதறவங்க எந்த பில்டிங், எந்த ரூம், எந்த தேதி, வேற யார் பாத்தாங்க, எல்லாத்தையும் அந்த ஒரே பேப்பர்ல எழுதிடணும். "எங்க யூனிட்ல அநியாயம் நடக்குது"ன்னு மொட்டையா வர்ற லெட்டர வச்சு எந்த ஐஜியாலயும் ஒன்னும் பண்ண முடியாது.